குளிரில் நடுங்கியவருக்கு நான் எடுத்த இசிஜி

என்னோடு பேசிக்கொண்டே படுத்திருந்த ஒரு மனிதரைக் காட்டி, "இவருக்கு ஹார்ட் நின்னுபோச்சு" என்று ஊரைக் கூட்டிக் கத்தியவன் நான். முட்டாள்தனத்துக்கு எங்கள் கல்லூரியில் தனிப் பாடம் கிடையாது. அதை நான் சொந்த முயற்சியில் படித்துத் தேறினேன். அன்றைக்கு நானாக இருந்த அந்தப் பயலை இன்றைக்கு வழியில் பார்த்தால், அவன் கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்கி அதனாலேயே நாலு சாத்து சாத்துவேன். (இசிஜி எடுக்கிறவனுக்கு ஸ்டெதஸ்கோப் எதற்கு என்கிறீர்களா? ஃபோட்டோவுக்கு.)

நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் கார்டியாக் டெக்னாலஜி படித்துக்கொண்டிருந்தேன். இசிஜி, எக்கோ, டிரெட்மில் என்று இதயத்துக்கான சோதனைகளை எடுத்துக் கொடுப்பவர் டெக்னாலஜிஸ்ட். அதைப் பார்த்து என்ன கோளாறு என்று சொல்பவர் டாக்டர். எங்கள் தொழிலின் முதல் விதியே இதுதான்: எடு, பேர் எழுது, கொடு, வாயைத் திறக்காதே. எங்கள் ஊரான ஏற்காட்டில் என் அம்மாவுக்கு இந்த நுணுக்கமெல்லாம் ஒத்துவரவில்லை. "பையன் ஹார்ட்டுக்குப் படிக்கிறானுங்க" என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்கு முன்னால் யாரிடமோ சொன்னார். பூசை முடிந்து வெளியே வரும்போது நான் ஹார்ட் டாக்டராகியிருந்தேன். நான் திருத்தவில்லை. திருத்துகிற முகமா என் முகம்!

மூன்றாம் வருஷம் டிசம்பரில், எஸ்டேட் ஆட்களுக்காக எங்கள் ஊர்ச் சர்ச் மண்டபத்தில் இதயப் பரிசோதனை முகாம் போட்டார்கள். சொந்த ஊர்க்காரன் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் சீனியர் டெக்னாலஜிஸ்ட் நளினி மேடமும் ஒரு டாக்டரும் வந்திருந்தார்கள்.

அந்த முகாமுக்கு வரிசையில் முதல் ஆளாக நின்றவர் சவரிமுத்து மாமா. என் அம்மாவின் தம்பி. மாரமங்கலம் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருஷமாக ஜீப் டிரைவர். காப்பி மூட்டையிலிருந்து பிரசவ வலி கண்ட பெண்கள்வரை எல்லோரையும் இறக்கி ஏற்றிய ஜீப் அது. காலையில் அவர் தன் முகத்தைக் கழுவுவதற்கு முன்னால் அதன் முகத்தைக் கழுவுவார். புதிதாக வந்த மேனேஜர், ஐம்பது தாண்டிய டிரைவர்கள் இந்த முகாமில் இதயம் சரியாக இருக்கிறது என்று சர்டிபிகேட் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். மாமாவுக்கு வயது ஐம்பத்தொன்று.

"நம்ம பையனே எடுக்கறான், அப்பறம் என்ன பயம்?" என்று அத்தையிடம் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

டாக்டரும் மேடமும் டிபன் சாப்பிட ஒண்டிக்கடை முக்குக்குக் கிளம்பினார்கள். போகும்போது மேடம் என் பக்கம் விரலை நீட்டி, "பத்துப் பேருக்கு எடுத்து அடுக்கி வை. யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஸ்டெதஸ்கோப்பும் ஆடியது.

மண்டபத்தில் இரண்டு சன்னல்களுக்குக் கண்ணாடி இல்லை. மேகம் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. மாமா சட்டையைக் கழற்றிவிட்டு இரும்புக் கட்டிலில் படுத்தார். ஐஸ் மாதிரி இருந்த ஜெல்லியை நெஞ்சில் தடவி, அதைவிட ஜில்லென்ற கிளிப்புகளைக் கைகால்களில் மாட்டினேன்.

"கண்ணு, நொம்பக் குளுருதுடா. அந்தச் சன்னல்ல எதையாச்சும் வெச்சு அடைச்சிட்டு எடேன்."

"ஆடாமப் படுங்க மாமா."

"நானா ஆடறேன்? ஒடம்பு தானா ஆடுது."

கவனியுங்கள். நோயாளியே காரணத்தைச் சொல்லிவிட்டார். உடம்பு நடுங்கினால் தசைகளின் துடிப்பும் சேர்ந்து காகிதத்தில் விழும். இதயத்தின் கோடு குழம்பிப்போகும். சேலத்து வெயிலில் நான் எடுத்த இசிஜிகளில் ஆட்கள் வியர்த்தார்கள், ஒருவரும் நடுங்கவில்லை. சரி, அந்தப் பயல் பாலைவனத்தில் பிறந்தவனாக இருந்தால் மன்னிக்கலாம். பதினெட்டு வயதுவரை இரண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடந்த ஏற்காட்டுப் பயலுக்குக் குளிர் என்று ஒன்று உண்டு என்பது மறந்துபோனதே, அதற்கு என்ன மன்னிப்பு?

மெஷினிலிருந்து காகிதம் வந்தது. ஒழுங்கான கோபுரங்களுக்குப் பதிலாகக் கோழி கிளறிய குப்பைமேடு. எனக்கு உடனே பாடப்புத்தகத்துப் படம் ஞாபகம் வந்தது. வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன்! இதயம் துடிக்காமல் வெறுமனே உதறுவது. சில நொடிகளில் ஆள் நினைவிழந்து சாய்ந்துவிடுவார். பேர் ஞாபகம் வந்தது, படம் ஞாபகம் வந்தது. ஆள் சாய்ந்துவிடுவார் என்ற வரி மட்டும் வரவில்லை.

"ஐயோ, மாமாவுக்கு ஹார்ட் நின்னுபோச்சு!"

பேர்ப்பட்டியலோடு வாசலில் நின்ற, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் உள்ளே ஓடிவந்தார். "ஏனுங்க, யாருக்குங்க?"

மாமா எழுந்து உட்கார்ந்தார். "எனக்கா?"

"படுங்க மாமா! நீங்க இப்ப மயக்கமா இருக்கீங்க!"

சொன்னதோடு விட்டேனா? அவரைத் தள்ளிப் படுக்கப் போட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சின்மேல் வைத்து ஒரு அமுக்கு அமுக்கினேன். இரண்டாவது அமுக்குக்கு முன்னால் என் கன்னத்தில் இடி விழுந்தது. இதயம் நின்றவருடைய கை அவ்வளவு கனமாக இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

"நெஞ்சுவலியில வெறி புடிச்சிருச்சு, புடிங்கடா" என்று யாரோ சொன்னார்கள். நாலு பேர் சேர்ந்து தூக்கி, முகாமுக்கு வந்திருந்த ஆம்புலன்ஸில் கிடத்திப் பட்டை போட்டுக் கட்டினார்கள். அத்தை மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். ஆம்புலன்ஸ் கிளம்புவதற்கு முன்பே ரைட்டர் மேனேஜருக்குப் போன் போட்டுவிட்டார்.

எங்கள் பக்கத்தில் பேச்சுக்குப் பேச்சு 'ங்க' வரும், மரியாதைக்கு. என்னிடம் மட்டும் மாமா கோபம் முற்றினால்தான் 'ங்க' போடுவார். சேலம் ஆஸ்பத்திரிக்கு இறங்கும் வழியில், முதல் வளைவிலேயே ஆரம்பித்தார்.

"ஏனுங்க டாக்டரு, என்ற நெஞ்சு நின்னுபோச்சுங்களா?"

"பேசாதீங்க மாமா, சிரமப்படக் கூடாது."

"செத்தவனுக்கு என்னங்க சிரமம்? நீங்க சௌரியமா உக்காருங்க."

நான் சௌகரியமாக உட்காரவில்லை. ஏழாவது வளைவில் வாந்தி எடுத்தேன். பதினொன்றில் மறுபடி. மாமா படுத்தபடியே, "டாக்டருக்கு ஒடம்புக்குச் சேரலைங்களாட்ட இருக்குதுங்க. கட்ட அவுத்து உடுங்க, நான் எந்திரிச்சு எடங் குடுக்கறனுங்க" என்றார்.

அடிவாரத்தில் நான் வாய் கொப்பளிக்க வண்டியை நிறுத்தினார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. கையோடு கொண்டுவந்திருந்த மெஷினை மாட்டி மறுபடி இசிஜி எடுத்தேன். அச்சடித்த மாதிரி சுத்தமான கோடு. என்னுடைய அந்த ஒரே அமுக்கில் இதயம் வழிக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். (சத்தியமாக நினைத்தேன்.)

"மாமா, உங்களைக் காப்பாத்திட்டேன்!"

அவர் கைகள் கட்டப்பட்டிருந்ததால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.

அப்போது நளினி மேடத்தின் போன்.

"ஆள் பேசறாரா?"

"திட்டறாருங்க மேடம்."

"இசிஜி எடுக்கும்போதும் பேசினாரா?"

"குளுருதுன்னு சொன்னாருங்க."

"போத்தி விட்டியா?"

இல்லை என்று ஒப்புக்கொண்டேன். "வண்டியைத் திருப்பு" என்றார் மேடம். அந்த இரண்டு வார்த்தைக்குப் பதிலாக அவர் என்னை நாலு கெட்டவார்த்தையில் திட்டியிருக்கலாம்.

மேலே போனதும் சன்னலை அட்டையால் அடைத்து, மாமாவுக்குக் கம்பளி போர்த்தி, சூடாக டீ கொடுத்து, பத்து நிமிஷம் கழித்து மேடமே இசிஜி எடுத்தார். டாக்டர் பார்த்தார், எக்கோவும் பார்த்தார். "இந்த ஹார்ட் இன்னும் முப்பது வருஷம் ஓடும்" என்று சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பேன்.

மேனேஜர் அதற்குள் ஜீப் சாவியை வேறொரு ஆளிடம் கொடுத்துவிட்டார். சர்டிபிகேட்டை மேசையில் வைத்தார் மாமா. "ஒரு தடவை சந்தேகம் வந்தாச்சு. கொண்டை ஊசி வளைவுல ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?" என்றார் மேனேஜர். அவர் நாற்காலியிலிருந்து எழக்கூட இல்லை.

நான் முன்னால் போய் நின்றேன். "சார், தப்பு என்னுதுங்க. அவர் குளுர்ல நடுங்கினாரு, அது தெரியாம நான்தாங்க கத்திட்டேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ படிக்கிற பையன்தானே? நீ சொல்றதை எப்படி நம்பறது?"

கேட்டீர்களா! நான் உளறியபோது நம்பினார். உண்மையைச் சொன்னபோது என் தகுதியை விசாரித்தார். டாக்டர் கையெழுத்துக்கு இல்லாத மதிப்பு என் கூப்பாட்டுக்கு இருந்தது. அன்றைக்கு வாங்கிய அறையைவிட எனக்கு இன்றைக்கும் எரிவது இதுதான். அந்த ஆளைத் திட்டலாம் என்றால், அவர் கையில் கத்தியைக் கொடுத்தவன் நான். என்னையே திட்டிக்கொண்டால், அவர் நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்து மறுபடி அவர்மேல் கோபம் திரும்புகிறது. இப்படியே வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

மாமா ஓய்வு பெறும்வரை மிளகு காயப்போடும் களத்தில் காவலுக்கு உட்கார்ந்தார். ஜீப் போகும் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து நிற்பாராம்.

நான் எப்படியோ பாஸாகி, இப்போது சேலத்தில் இசிஜி எடுக்கிறேன். மே மாத வெயிலிலும் வருகிறவர்களுக்குக் கம்பளி போர்த்துகிறேன். வீட்டில் யாராவது குளிருகிறது என்று தோளைக் குறுக்கினால் போதும். "ஐயோ சாமி, அவங் கண்ணுல பட்றாத, கட்டி ஏத்திப்புடுவான்" என்பார் அத்தை. கிறிஸ்துமஸுக்குக் கூடினால் புது மருமகள்களுக்கு இதை நடித்தே காட்டுவார்கள். என் வேடத்துக்குப் போட்டி உண்டு.

பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். மாமா எங்கே போகவேண்டுமென்றாலும் ஓட்டுவது நான்தான். யாரும் விதிக்காத தண்டனை. போன வாரம் சேலத்திலிருந்து மலையேறிக்கொண்டிருந்தோம். பக்கத்து இருக்கையில் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"மாமா, சாவி போனதுக்கு எம்மேல இன்னும் கோவந்தானா?"

மாமா எதிரே வந்த வளைவைப் பார்த்தார்.

"செகண்ட் கியரப் போடு."