ராஜாவுக்கு ஞாயிற்றுக்கிழமை டூட்டி

“இன்னையிலிருந்து இந்த வீட்டுல இங்கிலீஷ் என் பொறுப்பு!”

அறிவிப்பாளர் இப்படி அறிவித்தபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. ரயில்வே ஸ்டேஷனில் மைக் முன்னால் உட்கார்ந்து அவர் வாயைத் திறந்தால், ஒரு கூட்டமே மூட்டை முடிச்சோடு இந்தப் பிளாட்பாரத்திலிருந்து அந்தப் பிளாட்பாரத்துக்கு ஓடும். வீட்டில் வாயைத் திறந்தால் ஈகூட இடம் மாறாது.

“கத்தாம சொல்லுங்க. இங்க யாரும் ரயிலைத் தவறவிடலை” என்றாள்.

விஷயம் இதுதான். மகள் இரண்டாம் வகுப்பு. இங்கிலீஷ் பாடத்தை எழுத்துக் கூட்டி மணி மணியாக வாசிப்பாள். அர்த்தம் கேட்டால் மின்விசிறியைப் பார்ப்பாள். டீச்சர் மனைவியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: “மனப்பாடம் பண்ண வைக்காதீங்க. வீட்டுல கதை சொல்லுங்க. புது வார்த்தையைக் கதைக்குள்ள ஒளிச்சு வைங்க. தானா ஒட்டிக்கும்.”

“எனக்கு அவ்வளவா இங்கிலீஷ் வராது. நீங்கதான் ரெண்டு மொழியிலயும் ரயில் விடுறீங்களே, நீங்களே சொல்லுங்க” என்றாள் மனைவி.

“கதைதானே? எனக்கென்ன கதைக்குப் பஞ்சமா?”

“அது தெரியும். கதை விடுறதுல உங்களை அடிச்சுக்க ஆளே கிடையாது.”

பாராட்டு என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

முதல் நாள் ஒரு முயலோடு ஆரம்பித்தார். முயல் ஹங்ரியாக இருந்தது. மகள் விடவில்லை.

“முயலுக்கு ஏன்ப்பா பசி?”

“சாப்பிடலை.”

“ஏன் சாப்பிடலை? அதோட அம்மா எங்க போனாங்க? ஸ்கூல்ல கொடுக்கலையா?”

முயலைப் பட்டினியோடு விட்டுவிட்டு அறிவிப்பாளர் தண்ணீர் குடிக்கப் போனார். சும்மா கற்பனை செய்தால் கதையில் உயிர் வராது என்பது அங்கே உறைத்தது. உயிருள்ள கதைக்கு அனுபவம் வேண்டும். அனுபவத்துக்கு அவருக்கு என்ன குறை?

மறுநாள் ஒரு ராஜாவும் ராணியும் வந்தார்கள். ராணி ஆர்டர் போட்டாள். ராஜா ஒபே பண்ணினார். ராணி இன்னும் ஆர்டர் போட்டாள். ராஜா பெருக்கினார், துடைத்தார், பாத்திரம் தேய்த்தார், எல்லாவற்றையும் ஒபே பண்ணிக்கொண்டே செய்தார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த வாரம் பாடப் புத்தகத்தில் ‘ஒபே’ வந்ததும், “இது தெரியும்! அம்மா சொன்னதும் அப்பா எழுந்திருக்கிறது!” என்று குதித்தாள்.

அறிவிப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை. தனக்குள் இப்படி ஒரு வாத்தியார் ஒளிந்திருப்பது இவ்வளவு நாள் தெரியாமல் போயிற்றே!

மனைவி துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம், அந்த வாத்தியார் எல்லை தாண்டினார். ராஜா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ராணியிடம், “அரண்மனையில டூட்டி இருக்கு” என்று சொல்லிக் கிரீடத்தை மாட்டிக்கொண்டு கிளம்புவாராம். டூட்டியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. நேராக மந்திரி வீட்டுப் பின்அறையில் போய்க் கேரம் ஆடுவாராம்.

“அதுக்குப் பேருதான் ப்ரிடெண்ட். இல்லாததை இருக்கிற மாதிரி நடிக்கிறது. யாருக்கும் தெரியாம வச்சிருந்தா அது சீக்ரெட்.”

“ராணி கண்டுபிடிக்கலையா?”

“ராணிக்கு அவ்வளவு விவரம் போதாது, செல்லம்.”

சொல்லிவிட்டு அவரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஏனென்றால் மந்திரி என்பது பக்கத்துத் தெருவில் பூட்டுச் சாவி கடை வைத்திருப்பவர். கேரம் பலகை அந்தக் கடையின் பின்அறையில் இருந்தது. ஞாயிறு அறிவிப்பாளருக்கு வார விடுமுறை. ஆனால் அவர் இல்லாவிட்டால் ரயில்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்பது மனைவிக்குக் கல்யாணமான புதிதிலேயே சொல்லப்பட்டுவிட்டது. சீருடை போட்டு, பெல்ட் கட்டி, “என்ன பண்றது, கடமை” என்று பெருமூச்சும் விட்டுத்தான் கிளம்புவார்.

பள்ளியில் வாசிப்பு நாள் வந்தது. பெற்றோர்கள் குட்டி பெஞ்சுகளில் முழங்காலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் வார்த்தை அட்டைகளை விரித்து வைத்தார். ஆளுக்கொன்று எடுத்து, சொந்த வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஒரு பையன் ‘பிக்’ எடுத்து, தன் வீட்டு நாய் பிக் என்றான். கைதட்டல். மகள் அட்டையை எடுத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“மை ஃபாதர் ப்ரிடெண்ட்ஸ் டு கோ டு ஒர்க் ஆன் சண்டே.”

அறிவிப்பாளரின் காதுக்குள் ஒரு கூட்ஸ் வண்டி போயிற்று.

“ஹி ப்ளேஸ் கேரம். இட் இஸ் எ சீக்ரெட்!”

“ஒரு தப்புகூட இல்லை!” என்று டீச்சர் துள்ளினார். பெற்றோர்கள் எல்லாரும் திரும்பி அறிவிப்பாளரையே பார்த்தார்கள். பக்கத்தில் மனைவியோ எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னங்க சொன்னா?” என்று அவர் காதில் கேட்டாள்.

உயிர் திரும்பி வந்தது. “அதுவா... எங்க அப்பா ஞாயித்துக்கிழமைகூட வேலைக்குப் போறார்னு பெருமையாச் சொல்றா.”

“அப்படியா! எவ்வளவு கஷ்டப்படுறீங்க!” என்றாள். பிறகு எழுந்துபோய் டீச்சரோடு ஏதோ பேசிவிட்டு வந்தாள். வழியெல்லாம் அறிவிப்பாளர் உள்ளுக்குள் விசில் அடித்துக்கொண்டே நடந்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் அவள் கேட்டாள்: “கேரம்னு ஒரு வார்த்தை வந்துச்சே, அதுக்குத் தமிழ்ல என்னங்க?”

அவர் அப்படியே சோபாவில் சரிந்தார்.

“தப்புதான். இனிமே போகமாட்டேன். சத்தியமா. இன்னைக்கு உனக்குத் தெரிஞ்சுபோச்சே...”

“இன்னைக்கா? எனக்குக் கல்யாணமான புதுசுலேயே தெரியும்.”

“எப்படி?”

அவள் போய் ஜன்னலைத் திறந்தாள். தூரத்து ஸ்டேஷன் ஒலிபெருக்கி தெளிவாக வீட்டுக்குள் வந்தது. அவருடைய சக ஊழியர் ஏதோ ஒரு ரயில் தாமதமாக வருவதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“வாரமெல்லாம் உங்க குரல் கேட்கும். ஞாயித்துக்கிழமை ஒரு பொம்பளை குரல் கேட்கும். அது நீங்கன்னு நம்பச் சொல்றீங்களா?”

இத்தனை வருஷம் ஊருக்கே ஒலிபெருக்கியில் அறிவித்தவருக்கு, அந்த ஊரில் தன் வீடும் ஒன்று என்பது தோன்றவே இல்லை.

“அப்போ... ஏன் கேட்கலை?”

“கேட்டா நிறுத்திடுவீங்களே.”

“நிறுத்தினா என்ன?”

“வீட்டுலயே இருப்பீங்களே!”

அவர் கண்ணைக் கொட்டிக் கொட்டி விழித்தார். அவள் மடிப்புக் கலையாத சீருடையை எடுத்துக் கதவில் மாட்டினாள்.

“இன்னைக்கு எல்லார் முன்னாடியும் இவ போட்டு உடைச்சிட்டா. வெட்கப்பட்டு நீங்க கேரத்தை விட்டுட்டா என்ன பண்றதுன்னு எனக்குப் பயம் வந்துடுச்சு. அதான் டீச்சர்கிட்ட பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் அக்கம்பக்கத்துப் பசங்களுக்கு ஸ்கூல்ல கதை சொல்ல ஆள் இல்லையாம். உங்க பேரைக் கொடுத்துட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமையிலேர்ந்து நிஜமான டூட்டி.”

“என்னைக் கேட்காமலா?”

“நீங்கதான் ஒபே பண்றதுக்கு அவ்வளவு அழகா அர்த்தம் சொல்லிக்கொடுத்திருக்கீங்களே.”

அப்போது மகள் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். “அம்மா, அப்போ இந்த ஞாயித்துக்கிழமையும் நாம ரெண்டு பேரும் சினிமாவுக்குப் போகலாம்ல?”

அறிவிப்பாளர் மகளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். ரயில்களையே நிறுத்திவைக்கும் அந்தக் குரல் கீச்சென்று வந்தது.

“இந்த ஞாயித்துக்கிழமை‘யுமா’? அப்போ இதுவரைக்கும் எத்தனை படம் பார்த்திருக்கீங்க?”

மனைவி நிதானமாக ஜன்னலைச் சாத்தினாள்.

“நீங்க எத்தனை ஞாயித்துக்கிழமை டூட்டிக்குப் போனீங்களோ, அத்தனை.”