சக்கரத்தைத் தாண்டாத செடிகள்

பசுமைக்குப் பேர்போன நாடு ஒன்று இருந்தது. பேர் மட்டும்தான் பசுமை. அந்நாட்டு மன்னருக்கு ஆசைகள் அதிகமில்லை. சாலை நெடுகப் பச்சையாக இருக்க வேண்டும். அதில் தேரேறிப் போகும் தம்மை எல்லோரும் பார்க்க வேண்டும். புளியமரங்கள் நிழல் தந்தாலும் மன்னரை மறைத்தன. வெட்டிவிட்டார்கள். சாலை நடுவே குழி தோண்டி அரளி நட்டார்கள். தேர்ச்சக்கரத்துக்கு மேல் எந்தச் செடியும் வளரக் கூடாது என்று ஆணை பிறந்தது.

அடுத்த ஆணை, சாலையோரக் கிணறுகள் யாவும் இனி அரளிக்கே சொந்தம் என்றது.

சாலையோர ஊர்க்காரி காத்தாயிக்கு அரளியோடு என்ன பகை? அவள் மகள் குயிலிக்குத் தாகம், அவ்வளவுதான். கிணற்றைச் சுற்றி ஈட்டிக்காரர்கள் நின்றார்கள். பிள்ளை உதடு வெடித்து அழுதாள். கண்ணில் நீர் வரவில்லை.

அரளிக்காவது தண்ணீர் போயிற்றா என்றால் அதுவும் இல்லை. அரளியைத் தவிர யாரையும் கிணற்றருகே விடாதே என்பது காவலர்களுக்கு உத்தரவு. தண்ணீர் ஊற்றும் ஆட்களையும் விரட்டிவிட்டார்கள். அரளி வந்து கேட்கவில்லை. எல்லாம் கருகிப்போயின.

அந்த நேரம் பார்த்துத்தான் மன்னர் வருகிறார் என்று செய்தி வந்தது. சாலையழகு அமைச்சர் ஓடிவந்தார். காய்ந்த குழிகளைப் பார்த்தார். தம் கழுத்தைத் தடவிக்கொண்டார். பிறகு ஓரத்தில் கும்பிட்டு நின்ற சனங்களைப் பார்த்தார்.

"பிரஜைகளே! ஆளுக்கொரு குழியில் இறங்கி, பச்சைக் கிளையைத் தலைமேல் பிடியுங்கள். நாட்டுக்காகச் செடியாகும் பேறு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை."

யாரும் அசையவில்லை. காத்தாயிதான் கேட்டாள்.

"சாமி, செடியானா தண்ணி ஊத்துவீங்களா?"

"செடிக்கு நீர் வார்ப்பது அரசின் தலையாய கடமை."

மறுபேச்சில்லாமல் மகளைத் தூக்கிக்கொண்டு முதல் குழியில் குதித்தாள் காத்தாயி. அவளைப் பார்த்து ஊரே குதித்தது. சக்கர உயரம் தாண்டக் கூடாதென்பதால் பெரியவர்கள் முழங்காலிட்டார்கள். குயிலி மட்டும் நின்றாள். அமைச்சர் அனுப்பிய தண்ணீர் வண்டி வந்து குழிக்குக் குழி ஊற்றியது. இரு கையாலும் ஏந்திக் குடித்த மகளைப் பார்த்துக் காத்தாயி அழுதாள்.

தேர் வந்தது. சரியாக அவர்கள் குழியருகே குயிலிக்குப் புரையேறிற்று. காத்தாயி மகளின் வாயைப் பொத்துவதற்குள் பிள்ளை இருமிவிட்டாள். தேர் நின்றது. ஈட்டிகள் திரும்பின.

"இந்தச் செடி இருமியதே?" என்றார் மன்னர்.

"காற்று, மன்னா," என்றார் அமைச்சர். அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

மன்னர் தேரிலிருந்து குனிந்து பார்த்தார். "நல்ல ரகம். நாடு முழுக்க இதையே நடுங்கள்."

தேர் போய்விட்டது. எழுந்திருக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. தண்ணீர் வண்டி மட்டும் தவறாமல் வந்தது. குழியில் இருப்பவர்களுக்கு மட்டும் ஊற்றியது. தேர்தல் வந்தபோது வாக்குப்பெட்டியையும் குழிக்குக் குழி தூக்கிவந்தார்கள். இருந்த இடத்திலேயே வாக்களிக்கும் வசதி வேறெங்கே உண்டு என்று அமைச்சர் கேட்டார். செடிகள் வாக்களித்தன. மன்னரே வென்றார்.

தண்ணீர் பட்ட உடம்பு வளரத்தானே செய்யும்? ஒருநாள் சாலைக் கண்காணிப்பாளர் அளவுகோலைக் குயிலியின் பக்கத்தில் நட்டுப் பார்த்தார். அவர் பின்னால் ஒருவன் பெரிய கத்தரியோடு நின்றான்.

"இச்செடி சக்கரத்தைத் தாண்டிவிட்டது. விதிப்படி கத்தரிக்க வேண்டும். இல்லையேல் மண்டியிடலாம். அரசு கருணையுள்ளது."

"அம்மா, நானும் முட்டி போடணுமா?" என்றாள் குயிலி.

காத்தாயி மகளைப் பார்த்தாள். முதலில் குதித்தது தான்தானே என்ற நினைப்பு நெஞ்சை அறுத்தது. மரத்துப்போன கால்களை உதறி, கிளையை வீசிவிட்டு எழுந்தாள். மகளைப் பின்னால் தள்ளிக்கொண்டு கத்தரிக்கு முன்னால் நிமிர்ந்து நின்றாள். கண்காணிப்பாளரே ஓரடி பின்வாங்கினார். கத்தரிக்காரன் கத்தரியைத் தாழ்த்தினான்.

அப்போது பக்கத்துக் குழியிலிருந்து மருதையன் அண்ணாந்து பார்த்தான்.

"உக்காரு தாயி," என்றான் எரிச்சலாக. "தண்ணி வண்டி வர்ற நேரம்."