இல்லாத பிரேக்

டிரைவிங் ஸ்கூல்காரரின் வலது கால் சாப்பாட்டு மேசைக்கு அடியில் பிரேக்கை மிதித்தது. அங்கே பிரேக் இல்லை என்பதால் மேசைதான் குலுங்கியது. குழம்பு அவர் சட்டையில் வந்து நின்றது.

குற்றம் காலுடையது அல்ல. கற்றுக்கொள்பவர் தடுமாறினால் மிதிப்பதற்கென்று, அவர் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வாழ்நாள் முழுக்க அதை மிதித்து மிதித்து, பிடிக்காத பேச்சு காதில் விழுந்தாலே அந்தக் கால் தானாக அழுந்தும்.

இன்றைய பேச்சு மகளுடையது.

"அப்பா, வெளிநாட்டுல ஹெலிகாப்டர் பைலட் படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு. கமர்ஷியல் பைலட். சனிக்கிழமை முடிவு சொல்லணும்."

"ஹெலிகாப்டரா!"

"முழுசாக் கேளுங்கப்பா..."

"கேட்டாச்சு! ஊரு ஜனத்துக்கே ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன் வீட்டுல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். எவனோ ஒருத்தன்கிட்டப் போய் ஓட்டக் கத்துக்கணுமா? எனக்கு என்ன மரியாதை?"

"சரி, நீங்க சொல்லிக்கொடுங்க. ஹெலிகாப்டர்."

கால் மறுபடி மிதித்தது. இந்த முறை ரசம்.

அவர் சம்சாரம் துணியை எடுத்து வந்து மேசையைத் துடைத்தார். ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலை அவருக்கு. அங்கே நாள் முழுக்கப் பேசித் தீர்த்துவிடுவதால் வீட்டில் வாய் திறப்பதில்லை என்பது கணவரின் கட்சி. வீட்டில் வாய் திறக்க இடம் ஏது என்பது தெருவின் கட்சி.

"நான் என்ன சொல்றேன்னா..." என்றார் சம்சாரம்.

"நீ சும்மா இரு. உனக்கு இதெல்லாம் புரியாது."

சம்சாரம் துணியைப் பிழியப் போனார். தெரு பூராவுக்கும் ஓட்டச் சொல்லிக்கொடுத்த மனுஷன், கட்டினவள் கையில் ஒருநாள்கூட சாவியைக் கொடுத்ததில்லை. கேட்டால், "நான் இருக்கும்போது உனக்கு எதுக்கு?" என்பார்.

"நீங்க சரின்னு சொல்லாம இந்த வீட்டுலேர்ந்து யாரும் எங்கேயும் போகப் போறதில்லைப்பா" என்றாள் மகள். அது அவருக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. பழியைத் தூக்கி அவர் தலையில் அல்லவா வைக்கிறாள்!

நாலு பேர் எடுத்துச் சொன்னால் பெண் கேட்பாள் என்று தெருவில் இறங்கினார். முதலில் அகப்பட்டவர் போர்டு எழுதுபவர்.

"என் பொண்ணு ஹெலிகாப்டர் ஓட்டப் போறாளாம்! இந்த அநியாயத்தைக் கேட்டியா?"

போர்டுக்காரர் முன்பாதியைக் கேட்டார். பின்பாதி வரும்போது அவர் மனம் ஏணிக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் ஸ்கூல் வாசலில் 'கார், வேன், லாரி' என்ற வரிசைக்குக் கீழே சிவப்பில் ஒரு ஹெலிகாப்டர் பறந்துகொண்டிருந்தது.

"நம்ம அன்பளிப்புண்ணே!"

"அழிடா அதை!"

"காஞ்சுபோச்சேண்ணே."

அன்று மாலைக்குள் ஏழெட்டுப் பேர் விசாரித்துவிட்டார்கள். கறிக்கடைக்காரர் மட்டும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "ஏன் சார், ஹெலிகாப்டருக்கு ரிவர்ஸ் உண்டா?" என்று கேட்டார். டிரைவிங் ஸ்கூல்காரருக்கு அவர் கேட்டதுகூடப் பெரிதில்லை. தனக்குப் பதில் தெரியவில்லையே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அடுத்து மகளையும் சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு கண் டாக்டரிடம் போனார். டாக்டருக்குக் காரோட்டச் சொல்லிக்கொடுத்ததும் இவர்தான். டாக்டர் சாய்த்த விளக்குக் கம்பங்களைப் பற்றி வெளியே மூச்சுவிடாதவர். அந்த நன்றியாவது இருக்காதா?

"பொண்ணுக்குக் கண்ணு சரியில்லை, பறக்கக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க டாக்டர்" என்று காதோடு சொன்னார்.

"பாக்காம எப்படி சார் சொல்றது? வந்ததே வந்தீங்க, மூணு பேரும் உக்காருங்க."

பார்த்து முடித்தார். "பொண்ணுக்கு லேசா ஒரு கண்ணாடி. அம்மாவுக்குக் கழுகுக் கண்ணு. ஒருத்தருக்குத்தான் ரொம்ப மோசம்."

"பாத்தியா! நான் அப்பவே சொல்லலை?" என்று மகளைப் பார்த்து எழுந்தார் அவர்.

"உங்களுக்கு சார். புதுக் கண்ணாடி வர்ற வரைக்கும் கார்ல உக்காராதீங்க."

ஆக, அவரிடமே ஓட்டக் கற்றிருந்த மகள் அவர் சீட்டில் உட்கார்ந்து பாடம் நடத்தினாள். காரை நடுரோட்டில் திடீர் திடீரென்று நிறுத்த ஆளில்லாததால் எல்லோரும் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். அதை அவரிடமே வந்து சொல்லிவிட்டும் போனார்கள்.

கடைசி அஸ்திரமாக ஒன்று வைத்திருந்தார். அந்த வெளிநாட்டுப் பள்ளியின் ஆசிரியை சனிக்கிழமை ஹெலிகாப்டர் இறங்கும் மைதானத்துக்கு வருகிறாராம். தேர்வானவர்களை ஒரு சுற்று அழைத்துப்போய்விட்டு முடிவைக் கேட்பாராம். மேலே போனால் பெண் பயந்து அலறுவாள், சனியன் தொலையும் என்று குடும்பத்தோடு கிளம்பினார்.

"முன் சீட்டு சேரப்போறவங்களுக்கு" என்றார் ஆசிரியை.

"நான் ஓட்டக் கத்துக்கொடுக்கறவன் மேடம். முன்னாடி தவிர வேற எங்கேயும் உக்காந்து பழக்கமில்லை."

ஆசிரியை பின்னால் பார்த்தார். "அவரே உக்காரட்டும்" என்றார் சம்சாரம், மகள் பக்கத்தில் பின் சீட்டில் ஏறிக்கொண்டே.

முன்னால் உட்கார்ந்து குனிந்து பார்த்த டிரைவிங் ஸ்கூல்காரரின் முகம் பல நாளுக்குப் பிறகு மலர்ந்தது. அவர் காலடியிலும் பெடல்!

"அட, என் பக்கமும் பிரேக் இருக்கே!"

"அது பிரேக் இல்லை சார், வண்டியைத் திருப்பறது, தொடாதீங்க" என்று ஆசிரியை சொன்னது இயந்திரச் சத்தத்தில் போயிற்று. ஹெலிகாப்டர் தரையைவிட்டு ஓர் ஆள் உயரம் எழும்பியது. அவ்வளவுதான், பிடிக்காத காரியம் நடப்பதாகக் காலுக்குத் தகவல் போய்விட்டது. ஓங்கி மிதித்தார்.

ஹெலிகாப்டர் பம்பரமாகச் சுற்றியது.

"காலை எடுங்க சார்!" என்று ஆசிரியை கத்தினார்.

வண்டி நிற்கவில்லையே என்று அவர் இன்னும் அழுத்தினார். மகளின் அலறல் அவர் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வந்தது.

அப்போது பின்னாலிருந்து நிதானமான ஒரு குரல், போனில் யாரையோ தேற்றுவதுபோல வந்தது: "ஒண்ணும் ஆகலைங்க. வண்டி நின்னாச்சு. மெதுவாக் காலை எடுங்க."

எடுத்தார். ஆசிரியை ஒரு குலுக்கலோடு இறக்கினார்.

முதலில் மகள் குதித்து ஓடி, புல்லில் வாந்தியெடுத்து, "இந்த ஜென்மத்துக்கு இதுல ஏற மாட்டேன்!" என்று உட்கார்ந்துவிட்டாள். டிரைவிங் ஸ்கூல்காரர் தள்ளாடி இறங்கினார். ஆனால் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"காதுல விழுந்துச்சா மேடம்? முடிவு சொல்லியாச்சு! நல்லா இருக்கற குடும்பத்துல புகுந்து ஆசை காட்டறீங்களே, நியாயமா? என் பொண்ணு வர மாட்டா!"

ஆசிரியை நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"துணைக்கு வந்த பொண்ணு வேண்டாம்னா எனக்கென்ன சார்? இடம் கிடைச்சவங்க, நீங்க இறங்கின சீட்டுல ஏறி பெல்ட்டைப் போட்டுக்கிட்டு, 'கிளம்பலாமா'ன்னு கேக்கறாங்க பாருங்க."