மரவள்ளிக் கிழங்கும் இஞ்சித் தேநீரும்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் சபையில் பேசியிருக்கிறேன். பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில், இருநூறு பேருக்கு முன்னால். படித்தது ஐந்தாம் வகுப்பு. உடுத்தியிருந்தது சாறமும் பெனியனும். பேச வரச்சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை.

எனக்குப் பிறவிக் கூச்சம். பஸ்ஸில் 'இறக்கம்' என்று சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடத்தில் இறங்கி நடந்து வருவேன். (கொட்டாஞ்சேனையில் இறங்க வேண்டியவன் ஒருநாள் மட்டக்குளி வரை போயிருக்கிறேன்.) சமையல் வேலைக்கு வந்ததும் அதனால்தான். பானையோடு யாரும் பேசத் தேவையில்லை.

நாட்டில் எதுவுமே இல்லாமல் போன அந்த வருடம், கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், மாணவர் போர்டிங் ஒன்றில் சமைத்துக்கொண்டிருந்தேன். கம்பஸில் படிக்கும் ஆறு பையன்கள். காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் என் பொறுப்பு, மத்தியானம் அவரவர் பாடு. பஸ் ஓடாததால் கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து சைக்கிளில் வருவேன். கேஸ் இல்லாததால் பின் முற்றத்தில் மூன்று கல் வைத்து, உடைந்த அலுமாரிப் பலகையை எரித்துச் சமைப்பேன். ஒரு முழு அலுமாரியையும் நாங்கள் ஆறு கிழமையில் சாப்பிட்டு முடித்தோம்.

ஆறு பேரில் ரஜீவன் என்பவன் பேச்சுக்காரன். நெருக்கடிக் காலத்தில் மாணவரின் ஆரோக்கியமான உணவுப் பழக்கம் என்று தன் படிப்புக்காக ஒரு ஆய்வை எடுத்துக்கொண்டான். சோடாவும் கொத்துரொட்டியும் தவிர வேறு சாப்பாடு அறியாதவன், திடீரென்று சமையலறைச் சுவரில் ஒரு படம் ஒட்டினான். அரைத் தட்டு மரக்கறி, கால் தட்டு மீன், கால் தட்டு சோறு. பேலியகொடைச் சந்தையில் மீன் விற்ற விலைக்கு, படத்தில் பார்ப்பதுதான் எங்களுக்குக் கட்டுபடியானது.

படத்துக்குக் கீழே ஒரு அட்டவணை. ஆறு பேருடைய பெயரும் இருக்கும். காலைச் சாப்பாடு சாப்பிட்டவர் தன் பெயருக்கு நேரே ஒரு 'சரி' போட வேண்டும். எனக்கு அந்த அட்டவணை மிகவும் பிடித்துப்போனது. எழுத்துக் கூட்டி வாசிக்கிறவனுக்கு 'சரி' அடையாளத்தை வாசிப்பது சுலபம். வேலை முடிந்ததும் அதன் முன்னால் நின்று பார்ப்பேன். ஒரு கட்டம்கூட வெறுமையாக இருக்காது. நாடே பட்டினி கிடக்கும்போது என் ஆறு பிள்ளைகளும் தவறாமல் சாப்பிடுகிறார்கள் என்று எனக்குள் ஒரு பெருமை. (பெருமைப்பட வேறு எதுவும் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.)

முதல் 'சரி' எப்போதும் நிரோஜனுடையது. முல்லைத்தீவுப் பையன். தகப்பன் இல்லை. என்னைவிடக் கூச்சக்காரன் என்பதால் எனக்கு அவன்மீது தனிப் பிரியம். தேநீரை மட்டும் குடித்துவிட்டு, தன் பங்கை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுக்கொள்வான். "கம்பஸ்ல போய்ச் சாப்பிடுறன் அண்ணை, விடிய எனக்கு இறங்காது" என்பான். நான் தலையாட்டுவேன். எங்கள் இருவருக்கும் ஒரு நாளைக்கு அவ்வளவு பேச்சுப் போதும்.

ரஜீவன் தன் ஆய்வைக் கம்பஸில் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கும் நாள் வந்தது. மற்ற ஐந்து பேரும் கேட்கப் போவதாகச் சொன்னார்கள். அன்று பார்த்து எந்தப் பேக்கரியிலும் பாண் இல்லை. மரவள்ளிக் கிழங்கு கிடைத்தது. அவித்து, தேங்காய்ச் சம்பலோடு கொடுத்தேன். பால்மா இல்லாத தேநீருக்கு வாசம் வேண்டுமே என்று வழக்கம்போல இஞ்சி தட்டிப் போட்டேன். சாப்பிட்டார்கள், 'சரி' போட்டார்கள், நடந்து போனார்கள்.

குப்பையைக் கொட்டப் போகும்போதுதான் பார்த்தேன். கூடைக்குள் மரவள்ளித் தோல். அதன்மேல் இஞ்சித் தோல்.

மரவள்ளியோடு இஞ்சி சேர்ந்தால் நஞ்சு என்பது எங்கள் நாட்டில் எந்தச் சமையலறையிலும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். உண்மையா பொய்யா என்று யாரும் சாப்பிட்டுப் பார்த்ததில்லை. இருபத்தைந்து வருடம் சமைத்த நான் ஆறு பேருக்கு அதைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

என்னிடம் இருந்தது ரஜீவனின் நம்பர் மட்டும். அவன் போனை நிறுத்தி வைத்திருந்தான். சட்டை போடவும் தோன்றாமல் சைக்கிளை எடுத்தேன். காலி வீதி என்று பேர்தான், வீதி முழுக்கப் பெற்றோல் வரிசை. ஆறு சவப்பெட்டிகளையும் ஆறு தாய்மாரையும் நினைத்து அழுதுகொண்டே மிதித்தேன். சைக்கிள் வைத்திருப்பவன் ஏன் அழுகிறான் என்று வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள்.

கம்பஸ் வாசலில் காவலாளி, "கொஹெத அய்யே?" என்று, எங்கே போகிறாய் எனக் கேட்டு மறித்தார். எனக்கு வாயில் வந்த சிங்களம் "லமயின்ட வஹ", அதாவது பிள்ளைகளுக்கு நஞ்சு. அதற்குப் பிறகு அவர் எனக்கு முன்னால் ஓடினார்.

மண்டபக் கதவைத் தள்ளித் திறந்தேன். மேடையில் ரஜீவன். அவனுக்குப் பின்னால் திரையில், ஆள் உயரத்துக்கு எங்கள் சமையலறை அட்டவணை.

"தம்பிமார், காலைல நான் தந்த மரவள்ளிக்கும் இஞ்சித் தேத்தண்ணிக்கும் சேராது. ஒருத்தரும் பயப்படாதீங்க. எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வாங்க."

முன்வரிசையில் சிரித்தார்கள். பின்வரிசையில் சிலர் சிரிக்காமல் தங்கள் காலைச் சாப்பாட்டை யோசித்தார்கள். விரிவுரையாளர் அம்மா ஒருவர் எழுந்து, சாப்பிட்ட பிள்ளைகள் யார் என்று அமைதியாகக் கேட்டார். மேடையில் நின்ற ரஜீவன் மெல்லக் கையைத் தூக்கினான். நான்கு பேர் எழுந்தார்கள். நிரோஜன் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான்.

வாய் திறந்து பழகாதவனுக்கு மூடவும் தெரியாது. "அந்தா, அவரும் சாப்பிட்டவர்" என்று கையை நீட்டிக் காட்டினேன்.

"நான் சாப்பிடேல்லை அண்ணை."

வெட்கத்தில் மறைக்கிறான், அதனால் சாகப் போகிறான் என்று எனக்குப் பட்டது. திரையைக் காட்டினேன். "பொய் சொல்லாதீங்க தம்பி, அந்தா உங்கட பேருக்கு நேரே சரி போட்டிருக்கு."

இருநூறு பேரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு அவனைப் பார்த்தார்கள். அவன் பையைத் திறந்து பெட்டியை எடுத்து மூடியைக் கழற்றிக் காட்டினான். கிழங்கும் சம்பலும் காலையில் போட்டபடியே இருந்தன.

என் சந்தோஷத்தைக் கேட்க வேண்டுமா? இஞ்சித் தேநீர் குடித்தவன் இதையும் தின்றுவிடக் கூடாதே என்று, பெட்டியை அவன் கையிலிருந்து பிடுங்கி, கதவடியில் இருந்த குப்பைத் தொட்டியில் கொட்டினேன். தட்டித் தட்டி, ஒரு துண்டும் ஒட்டாமல் கொட்டினேன்.

மற்ற ஐந்து பேரையும் கம்பஸ் மருத்துவ அறையில் ஒரு மணித்தியாலம் உட்கார வைத்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோருக்கும் பசிக்கிறது என்று மட்டும் எழுதினார்களாம்.

நானும் நிரோஜனும் வெளி விறாந்தையில் நின்றோம். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன்.

"அது மத்தியானத்துக்கு அண்ணை."

"அப்ப காலைக்கு?"

"காலைக்குத்தான் தேத்தண்ணி குடிக்கிறனான்."

எத்தனை நாளாக என்று கேட்டேன். அவன் வெறும் பெட்டியை மூடினான். சுவரில் நான் நின்று பார்த்த அவனுடைய 'சரி'கள் எல்லாம் கண்ணுக்குள் வந்தன. அவனுக்கு ஒரு பணிஸாவது வாங்கிக் கொடுக்கலாம் என்று கை தானாக நெஞ்சுக்குப் போனது. பெனியனுக்குச் சட்டைப்பை இல்லை.

"பரவாயில்லை அண்ணை" என்று அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான்.

அன்று மாலை ரஜீவன் அட்டவணையைச் சுவரிலிருந்து கழற்றினான். அடுத்த நாளிலிருந்து நிரோஜனுக்குச் சாப்பாட்டுக் கோப்பையில் ஒரு பங்கு, பெட்டியில் ஒரு பங்கு. கோப்பையை முடிக்கும்வரை அடுப்படியில் நிற்பேன். எங்கள் இருவருக்குமே அது பெரிய தொந்தரவு.

என் மனைவி மேரிக்கும் மகளுக்கும் இந்தக் கதை சிரித்துத் தீராத ஒன்று. வீட்டுக்கு யார் வந்து இஞ்சித் தேநீர் குடித்தாலும், "ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று என் குரலில் சொல்லிக் காட்டுவாள் மகள். மண்டபத்தில் சிரிப்பு வந்த இடத்தோடு அவர்கள் கதை முடிந்துவிடும். அதற்கு மேல் நான் சொல்லவில்லை.

இன்னொன்றும் மிஞ்சியது. 'சாப்பிட்டியா' என்று நான் இப்போது யாரையும் கேட்பதில்லை. என்ன சாப்பிட்டாய் என்றுதான் கேட்பேன். இதைச் சொல்லியும் வீட்டில் சிரிப்பார்கள்.

நிரோஜன் இப்போது வவுனியாவில் படிப்பிக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை பேசினான். மகள் போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன்.

"மரவள்ளிக் கிழங்கும் இஞ்சித் தேத்தண்ணியும் அண்ணை."

மேரி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய், உண்மையாக என்ன சாப்பிட்டாய் என்று திரும்பக் கேட்டேன்.

அவன் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னான். சாப்பிட்டவன் யோசிக்கத் தேவையில்லை.