உங்கள் தங்கை தண்ணி ஏற்றிக்கொள்ளப் போன விவரம்

மதிப்பிற்குரிய பெரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுமாரான நலம். உங்கள் தங்கை படு நலம், சிக்கலே அதுதான். அங்கே தாங்களும், வீட்டில் உள்ள எல்லோரும், தாங்கள் மை பூசி வளர்த்துவரும் மீசையும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் தங்கை குடிக்கவில்லை. "நம் வம்சத்தில் ஒரு பெண் தண்ணி ஏற்றிக்கொள்ளும் நாளும் வந்துவிட்டதே, அதை நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தீர்களே" என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். நான் போனில் சொன்னது, "உங்க தங்கச்சிக்குத் தண்ணி ஏத்தணுமாம், கூட்டிட்டுப் போறேன்" என்று. உங்கள் காதில் விழுந்தது, "தங்கச்சி தண்ணி ஏத்திக்கிறா" என்று. காது மிஷினை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனை எடுத்தால் அப்படித்தான் விழும். அதனால்தான் இந்த முறை கடிதம். படிப்பதற்குக் காது வேண்டாம் பாருங்கள்.

நடந்தது இதுதான். ஒருநாள் காலை, நான் செய்தித்தாளில் தலையை விட்டிருந்த நேரம் பார்த்து, "இன்னிக்கு லீவு போட்டிருக்கேன். நீரேற்றம் பண்ணிக்கப் போறேன்" என்றாள் உங்கள் தங்கை. நீரேற்றம் என்றால் எனக்குத் தெரியாதா? வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை குடிநீர் வாரியத்தின் நீரேற்று நிலையத்தில் மோட்டார்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். கீழே கிடக்கும் தண்ணீரை மேலே ஏற்றுவதற்குப் பெயர் நீரேற்றம். மனுஷிக்கு ஏற்றுவதென்றால் கம்பத்தில் பாட்டிலைத் தொங்கவிட்டுக் கையில் ஊசி குத்துவதுதானே? போன வருஷம் இதயக் குழாயில் அடைப்பெடுத்து ஸ்டென்ட் வைத்த உடம்பு, இப்போது நீர் வற்றிப்போய்விட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். உடனே உங்களுக்குப் போன் போட்டேன், என் அக்காவுக்குப் போட்டேன், கீழ் வீட்டில் சொன்னேன், பிளாஸ்கில் வெந்நீர், போர்வை, மாற்றுப்புடவை, சோப்பு, டம்ளர் எல்லாம் பையில் திணித்துக்கொண்டு, அவள் "இதெல்லாம் எதுக்குங்க?" என்று கேட்கக் கேட்க ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். பாவம், பயத்தை மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

போய் இறங்கினால் பலகையில் "சரும நீரேற்று நிலையம்" என்று எழுதியிருக்கிறது மைத்துனரே! சருமத்துக்கு ஒரு நிலையம்! என்னுடைய நிலையத்தில் எண்ணெய் நாற்றம், இரும்புச் சத்தம், சுவரெல்லாம் பாசி. இங்கே வெள்ளை சோபா, காலை வைத்தால் முகம் தெரிகிற தரை, மூலையில் யாருக்கும் பிரயோசனமில்லாமல் ஊற்றிக்கொண்டிருக்கும் ஒரு குட்டி நீரூற்று. அந்த நீரூற்றின் அடியில் கசிவு இருந்தது, அது வேறு விஷயம். நான் பையோடு போய், "எந்த வார்டும்மா? படுக்கை ஜன்னல் ஓரமா கிடைக்குமா?" என்று கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண் என் போர்வையைப் பார்த்தாள், உங்கள் தங்கையைப் பார்த்தாள். உங்கள் தங்கை என்னைத் தெரியாதவள் மாதிரி நீரூற்றைப் பார்த்தாள்.

அவளுக்கு முகமெல்லாம் மரத்துப்போகிற களிம்பைத் தடவி உள்ளே அழைத்துப்போய்விட்டார்கள். என்னைச் சமாதானப்படுத்த வழவழப்பான ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். அதைப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வியாதியும் இல்லை, வெக்கையும் இல்லை. முகத்தோல் வறண்டிருக்கிறதாம், அதில் ஈரம் நிற்க ஊசியால் மருந்தை ஏற்றுவார்களாம். சரி, பணத்துக்குப் பிடித்த கேடு என்று அடுத்த வரிக்குப் போனால், மருந்தின் பெயர் ஹயலுரோனிக் அமிலமாம். அமிலம்! எங்கள் நிலையத்தில் துருவேறிய குழாயைக் கழுவ அமிலம்தான் ஊற்றுவோம். இரும்பே புகைந்துகொண்டு கதறும். பிளாஸ்கும் கையுமாகக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தேன். "ஏய், எழுந்திரு! மூஞ்சில ஆசிட்டு ஊத்தப் போறாங்க!" என்று நான் கத்தியது வாசல் வரைக்கும் கேட்டிருக்கிறது. வெளியே சோபாவில் இருந்த பெண்களில் பாதிப்பேர் கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். ஒரு அம்மாள் களிம்பைக்கூடத் துடைக்காமல் ஓடினாராம்.

டாக்டர் ஒரு பெண். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "பேர்லதான் ஐயா அமிலம். உங்க மூட்டுல, கண்ணுல, தோல்ல எல்லாம் ஏற்கனவே இருக்கறதுதான். தண்ணிய விடாமப் பிடிச்சு வச்சுக்கும், அவ்வளவுதான்" என்றார்.

"என்ன அழுத்தத்துல ஏத்தறீங்க? திரும்பி வராம இருக்க வால்வு உண்டா?" என்று கேட்டேன். நம் துறைக் கேள்வியைக் கேட்காமல் விட முடியுமா?

"வால்வெல்லாம் இல்லைங்க. மெல்லிய ஊசியால கொஞ்சம் கொஞ்சமா வைப்போம்."

"வச்சா கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிடுவாளா?"

"ஆக மாட்டாங்க. தொங்கற தோலை இது தூக்காது, ஆழமான மடிப்பு போகாது. வறட்சி குறையும், பொடிக் கோடு கொஞ்சம் மங்கும், தோல் மிருதுவா இருக்கும். அதுவும் சில மாசத்துக்குத்தான். அப்புறம் வேணும்னா திரும்ப வரணும்."

பார்த்தீர்களா? ஏற்றிய தண்ணீர் சில மாதத்தில் வற்றிவிடும் என்று கடைக்காரரே சொல்கிறார்! எங்கள் தொட்டி அப்படி வற்றியிருந்தால் என்னை வேலையை விட்டே தூக்கியிருப்பார்கள். ஆபத்து என்ன என்று கேட்டேன். அதையும் மறைக்கவில்லை, அந்த மட்டும் பாராட்ட வேண்டும். ஊசி போட்ட இடத்தில் சின்னச் சின்ன மேடு எழும்பும், வீங்கும், கன்றிப்போகும், சில நாளில் அடங்கிவிடும் என்றார். சுத்தமில்லாவிட்டால் சீழ் பிடிக்கலாம் என்றார். "அபூர்வமா மருந்து ரத்தக்குழாய்க்குள்ள போயிட்டா அடைச்சுக்கும். தோல் செத்துப்போகலாம், கண்ணுக்கே ஆபத்தாகலாம். அதனாலதான் கத்துக்கிட்ட டாக்டர்கிட்ட மட்டும் போட்டுக்கணும், கரைக்கற மருந்து பக்கத்துலயே இருக்கணும். மலிவா வீட்டுக்கு வந்து போடறேன்னு யாராவது சொன்னா கதவைத் திறக்காதீங்க" என்றார்.

அடைப்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஸ்டென்ட் ஞாபகம் வந்துவிட்டது. "அம்மா, இவ ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவ! மாத்திரை போடறவளுக்கு எப்படிம்மா ஊசி போடுவீங்க? அதெல்லாம் முடியாது, நடக்காது!" என்று மறுபடியும் கத்தினேன். டாக்டர் உங்கள் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். "இதை ஏம்மா எங்கிட்ட சொல்லல?" களிம்பு முகத்தோடு அவள் சுவரைப் பார்த்தாள். டாக்டர் ஊசியை மூடி வைத்துவிட்டார். "ரத்தம் சீக்கிரம் நிக்காது, அதிகமா கன்றிப்போகும். இதய டாக்டரைப் பார்த்துக் கேட்டுட்டு வாங்க, அப்புறம் முடிவு பண்ணலாம். நீங்களா மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீடு திரும்பினால் வாசலில் என் அக்கா, கீழ் வீட்டுக்காரர்கள், ஆரஞ்சுப் பழம், குளுக்கோஸ் டப்பா. உங்கள் தங்கை களிம்பு மினுமினுக்க இறங்கினாள். என் மேல் இருந்த கோபத்தில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனாள். "ஐயோ, பேச்சு நின்னு போச்சே! மூஞ்சியப் பாருங்க, எப்படி வேர்க்குது!" என்று என் அக்கா மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். பேச்சு நிற்கவில்லை, என்னோடு மட்டும்தான் நின்றது என்று அவளுக்குப் புரியவைப்பதற்குள் ஆரஞ்சு முழுவதையும் கீழ் வீட்டுக்காரர்களே உரித்துத் தின்றுவிட்டார்கள்.

அன்றிலிருந்து நம் வீட்டில் நான் ஒரு ஆளே இல்லை. "சாப்பாடு எடுத்து வச்சாச்சு" என்று குளிர்சாதனப் பெட்டியிடம் சொல்கிறாள். "கரண்ட் பில் கட்டியாச்சான்னு தெரியல" என்று மிக்ஸியிடம் விசாரிக்கிறாள். நான் பதில் சொன்னால் மிக்ஸியை ஓடவிடுகிறாள். எதற்கு இந்த வயதில் இந்த ஆசை என்று அன்றைக்குத் திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒரே ஒரு தடவை கேட்டேன். அதற்கு மட்டும் பதில் வந்தது. "மூக்குக் கண்ணாடிக் கடையில நாள் பூரா நிக்கறேன். புதுக் கண்ணாடிய மாட்டினதும் ஒவ்வொருத்தரும் முதல்ல தெளிவாப் பாக்கறது என் மூஞ்சியத்தான். போன மாசம் ஒரு சின்னப் பொண்ணு கண்ணாடி போட்டுப் பாத்துட்டு, 'அம்மா, இந்த ஆன்ட்டி மூஞ்சியில யாரு கிறுக்கினது?'ங்கறா." கடையை மாற்று என்றேன். அதோடு பேச்சு போயிற்று.

நீங்களே நியாயம் சொல்லுங்கள். அழகுக்காக மனிதர்கள் என்னவெல்லாம் செய்கிறார்கள்! தோலுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தில் இல்லையா? முகம் வறண்டால் எண்ணெய் தடவக் கூடாதா? ஊசி குத்தி ஈரமாக்குவதற்கு இது என்ன தோட்டமா? இந்த ஊருக்குள் இப்போது தெருவுக்கு ஒரு நிலையம்; அத்தனையிலும் கூட்டம்; அத்தனை பேருக்கும் தாகம் தோலில். என் தலைமுடி போனபோது நான் ஊசிக்கு ஓடினேனா? போகட்டும் என்று விட்டுவிட்டேன். (மீசை மையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, அது வெளிப்பூச்சு, அதில் ஆபத்தில்லை.) இவளோ விடுவதாக இல்லை. இதய டாக்டரைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள். என் பேச்சு எடுபடாது. அண்ணன் வார்த்தை என்றால் இன்றைக்கும் அவளுக்கு வேத வாக்கு. ஆகவே, "ஊசி கூடவே கூடாது" என்று கண்டிப்பாக, பெரிய எழுத்தில், அவள் பெயருக்கு ஒரு கடிதம் உடனே போடும்படி தங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். குடிப்பழக்கம் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம். சிறியவர்களுக்கு என் ஆசிகள். அவர்கள் தோலோடு தோலாக நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள, வீட்டில் யாரும் பேசாத,
தங்கை கணவன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். உறையை ஒட்டப் பசை தேடி அவள் அலமாரியைத் திறந்தேன். நான் போன வாரம் வாங்கிவந்த மாத்திரை அட்டை அப்படியே இருக்கிறது, ஒன்றுகூடப் பிதுக்கவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன். "மாத்திரை போடறவளுக்கு ஊசி முடியாது, நடக்காதுன்னு நீங்கதான ஊருக்கே கேக்கற மாதிரி கத்தினீங்க? அதான் நிறுத்திட்டேன்" என்றாள். டாக்டர் நிறுத்தாதே என்றது அவள் காதில் ஏறவில்லை; நான் கத்தியது ஏறியிருக்கிறது. அந்த நிமிஷமே மாத்திரையைப் போடவைத்து, செருப்பைக்கூடக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, இதய டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடினேன். பரிசோதனையெல்லாம் செய்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றார். ஸ்டென்ட் வைத்தவர் இப்படி நிறுத்தினால் என்ன ஆகும் தெரியுமா என்று இருவரையும் நிற்கவைத்துத் திட்டினார். மாத்திரையை விடாமலே ஊசி போட்டுக்கொள்ளலாம், கூடுதலாகக் கன்றிப்போகும், அவ்வளவுதான் என்றார். அந்த நிலையத்து டாக்டரிடமும் நானே போய்க் கேட்டேன், கத்தாமல். நிதானமாகச் செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். புதன்கிழமை நானே கூட்டிக்கொண்டு போகிறேன். நீங்கள் வேண்டாம் என்று எழுதிவிட்டால் மறுபடியும் எதையாவது நிறுத்தித் தொலைப்பாள், ஆகவே தயவுசெய்து எழுதாதீர்கள். ஊசி போட்டு அவள் கன்னம் நீலமாகட்டும், மேடாகட்டும், கோடு போகட்டும், போகாமல் இருக்கட்டும். முகம் எப்படி வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும் மைத்துனரே. எனக்கு அவள் இருந்தால் போதும்.