பூச்சட்டைக்காரர் வாயைத் திறந்து நின்ற எட்டு விநாடி

பூனாகலை,
மேல் லயம், ஆறாம் காம்பரா.
புதன்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை தயாபரன் அவர்களுக்கு,

உங்கள் மாமனார் வீரய்யா எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் அத்தை பாக்கியலெட்சுமியும், உங்கள் மனைவி விஜியும், பிறந்து இருபத்தாறு நாளான உங்கள் மகளும் சுகம். கொழும்பில் நீங்களும், உங்களுக்கு லீவு தர மறுக்கும் உங்கள் துணிக்கடை முதலாளியும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மாப்பிள்ளையைக் குறை சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. உங்கள் அத்தைக்கு உண்டு, அது வேறு விஷயம். போனில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் போன் பேசக் கேட்பது ஜன்னல் கம்பியோரம் ஒரே ஒரு இடத்தில்தான். அந்த ஜன்னலுக்குக் கீழேதான் விஜி பிள்ளையோடு படுத்திருக்கிறாள். நான் சொல்ல வந்ததோ அவளுக்குத் தெரியக்கூடாத சங்கதி. ஆகையால் நாளைக்குச் சாமான் எடுக்கக் கொழும்புக்கு வரும் பண்டாரவளை போன் கடை மஹ்ரூப் நானாவின் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

விஷயம் அந்த யுகுலேலேயைப் பற்றியது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து விஜியை இங்கே கொண்டுவந்து விட்டபோது நீங்கள் கூடவே விட்டுப்போன சாமான். நாலு கம்பி, கைப்பிள்ளை அளவு உடம்பு. பார்த்ததும் உங்கள் அத்தை, "என்னங்க இது, கிட்டாரு குட்டி போட்ருக்கா?" என்று கேட்டாள். நீங்கள் சிரித்துக்கொண்டே, "சும்மா இருக்க நேரம் போன்ல பாத்துப் பழகட்டும் அத்தே, நெட்டுல எத்தனையோ பேரு சொல்லிக் குடுக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள். சொல்வது லேசு, மாப்பிள்ளை. இந்தத் தோட்டத்தில் படம் ஓடுகிற அளவுக்கு நெட் கிடைப்பது மேட்டில் இருக்கும் தண்ணீர் டாங்கியடியில் மட்டும்தான். வயிற்றுப் பிள்ளைக்காரியை அந்த ஏற்றத்தில் ஏற்ற முடியுமா? பிள்ளை பிறந்த பிறகோ முப்பது நாள் கழியும் வரை வாசற்படி தாண்டக்கூடாது, பனி பட்டுவிடும். அப்புறம் யார் ஏறுவது? தேயிலை ஃபெக்டரியிலிருந்து ஓய்வு பெற்று, காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குக்கூடப் போக வேண்டாத ஒரே ஆள் இந்த வீட்டில் நான்தான்.

ஆக நான் டாங்கியடிக்கு ஏறி, போனைப் பார்த்துப் பாடத்தை மனப்பாடம் செய்து, கீழே இறங்கி வந்து விஜிக்குச் செய்து காட்ட வேண்டும். இப்படித்தான் நடந்தது படிப்பு. அங்கேதான் உலகத்தில் எத்தனை பேர் இந்தச் சின்னச் சாமானை வைத்துக்கொண்டு பிழைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். ஒருவரைத் தொட்டால் அடுத்தவர் வருகிறார், அவரைத் தொட்டால் இன்னும் பத்துப் பேர் வந்து நிற்கிறார்கள். பச்சைத் தலைமயிரோடு ஒரு பிள்ளை, வெங்காயம் நறுக்கி முடித்த கையோடு வாசிக்கிறது. ஒருவர் குளியலறைக்குள் உட்கார்ந்து வாசிக்கிறார், வீட்டில் வேறு இடமில்லை போலிருக்கிறது, அதைப் பார்த்த பிறகு நம்ம லயத்துக் காம்பரா தேவலை என்று நினைத்துக்கொண்டேன். எல்லாரையும்விட எனக்குப் பிடித்துப்போனது கடற்கரையில் உட்கார்ந்து வாசிக்கும் பூப்போட்ட சட்டைக்காரர். என் வயதுதான் இருக்கும். அவர் பேசும் பாஷை ஒரு எழுத்துப் புரியாது, ஆனால் விரலை எங்கே வைக்க வேண்டும் என்று பொறுமையாகக் காட்டுவார், தப்பு விட்டால் அவரே சிரித்துக்கொள்வார். விரல் வைக்கும் இடம் மறந்துவிடக்கூடாது என்று நான் பேனையால் என் முன்கையில் நாலு கோடு போட்டுப் புள்ளி வைத்துக்கொண்டு இறங்குவேன். பக்கத்துக் காம்பரா பெரியாயி பார்த்துவிட்டு, "என்னண்ணே, இந்த வயசுல பச்ச குத்தியிருக்கீங்க?" என்று லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள். ஒரு நாள் பாதி வழியில் மழை பிடித்து ரெண்டு புள்ளி அழிந்துபோய், அன்றைக்கு விஜி வாசித்ததைக் கேட்டு வாசலில் நின்ற ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. போகட்டும், அது ஆட்டின் குணம்.

பூச்சட்டைக்காரரிடம் ஒரு தாலாட்டு மாதிரியான பாட்டு இருக்கிறது. அதைத்தான் பிள்ளைக்காகப் பழகுவது என்று முடிவானது. அந்தப் பாட்டின் நடுவில் ஒரு இடத்தில் மனுஷன் வலது கையைத் தூக்கி, வாயைத் திறந்து, கண்ணை மூடி அப்படியே நின்றுவிடுவார். ஒரு சத்தம் இருக்காது. எண்ணிப் பார்த்தேன், எட்டு விநாடி. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். மறுநாள் போய்ப் பார்த்தேன், அதே இடம். அதற்கு மறுநாளும் அப்படித்தான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எவ்வளவு பெரிய வித்துவான், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த மனுஷன்! கீழே வந்து உங்கள் மனைவி முன்னால் கையைத் தூக்கி, வாயைப் பிளந்து, கண்ணை மூடி எட்டு விநாடி நின்று காட்டினேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு, "சரிப்பா, அப்படியே செய்றேன்" என்றாள். அன்றிலிருந்து அப்படியேதான் வாசித்தாள். வயிற்றில் இருந்தபோதே உங்கள் மகள் அந்தப் பாட்டை நூறு தடவையாவது கேட்டிருப்பாள்.

இப்போது உங்கள் பங்குக்கு வருகிறேன். பிள்ளை பிறந்து பதினைந்தாம் நாள், ஜன்னல் கம்பியில் போனைச் சாய்த்து வைத்து, "ஒங்களுக்காகப் பழகினது, கேளுங்க" என்று சொல்லி விஜி உங்களுக்கு வாசித்துக் காட்டினாள். அந்த எட்டு விநாடி வந்தது. இரண்டு விநாடிகூட ஆகவில்லை, "அப்பாடா, முடிஞ்சிருச்சா?" என்று நீங்கள் சிரித்தது எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்டது. உங்களோடு தங்கியிருக்கும் பையன்மாரும் சேர்ந்து சிரித்தார்கள். அவள் மீதியை வாசிக்கவில்லை. சாமானைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பதினோரு நாளாக நீங்கள் எடுக்கும் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறாள். கேட்டால், "அவரு வேல முடிஞ்சு களைச்சிப் போயிருப்பாரு, ஏன் தொந்தரவு" என்கிறாள். அதைவிட மேலே, "முப்பதாம் நாளுக்கு அவரு வந்தா வரட்டும், வராட்டி நீங்களே பிள்ளைக்குப் பேரு வைங்கப்பா" என்று சொல்லிவிட்டாள். தகப்பன் மடியில் வைத்துத்தான் பேர் சொல்வது நம்ம வழக்கம். அப்பன் உயிரோடு கொழும்பில் இருக்கும்போது நான் எந்த முகத்தோடு மடியில் வாங்குவது? முருகா!

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இத்தனை சுற்றி வளைத்தேன். போன வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு எண்ணெய் வாங்கப் பண்டாரவளைக்குப் போனபோது, மஹ்ரூப் நானாவின் கடையில் பூச்சட்டைக்காரரைப் போட்டுக் காட்டினேன். அங்கே பாட்டு எங்கேயும் நிற்கவில்லை. "என்ன நானா, ஒங்க கடையில இந்தாளு இவ்வளவு அவசரப்படுறாரு?" என்றேன். அவர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "வீரய்யாண்ணே, பாட்டு இப்பிடித்தான். ஒங்கட தோட்டத்தில நெட் நின்டிருக்கும்" என்றார். நெட் நின்றுபோய் மனுஷன் வாயைத் திறந்தபடி மாட்டிக்கொண்டு கிடந்ததை நான் வித்தை என்று எண்ணி, கையைத் தூக்கி நின்று, பெற்ற பிள்ளைக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறேன். நீங்கள் சிரித்தது அவள் தப்பைப் பார்த்து இல்லை, மாப்பிள்ளை. அது என் தப்பு. இதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை, வாய் வரவில்லை.

நானா முழுப் பாட்டையும் போனில் இறக்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, கட்டிலுக்கு அடியில் இருந்ததை இழுத்து, பிள்ளையைத் தூங்க வைக்க நானே சரியானபடி வாசித்துப் பார்த்தேன். நாற்பது வருஷம் ரோலரில் கொழுந்து அள்ளிப்போட்ட விரல், ஒன்றை வைத்தால் ரெண்டு கம்பியை அமுக்குகிறது. அது கிடக்கட்டும், பாட்டை நிறுத்தாமல் வாசித்ததும் உங்கள் மகள் கண்ணை உருட்டி விழித்து ஒரு கத்துக் கத்தினாள் பாருங்கள், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பெரியாயி, "அண்ணே, எடையில நிக்கிறத விட்டுட்டீங்களே!" என்று குரல் கொடுத்தாள். மறுபடி எட்டு விநாடி நிறுத்தி வாசித்தேன். அந்த எட்டு விநாடிக்குள் கண் சொருகித் தூங்கிவிட்டது பிள்ளை. தப்பைத்தான் அதுக்குப் பிடித்திருக்கிறது, நான் என்ன செய்ய?

ஆகையால் என் வேண்டுகோள் இதுதான். முதலாளி காலில் விழுந்தாவது லீவு எடுத்துக்கொண்டு சனிக்கிழமையே வந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைதான் முப்பதாம் நாள், பிள்ளையை மடியில் வாங்கிப் பேர் வையுங்கள். விஜியிடம், "நான் சிரிச்சது தப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், என் பெயரை இழுக்காமல். திரும்பும்போது அந்த யுகுலேலேயைக் கொழும்புக்கே கொண்டுபோய்விடுங்கள். நான் இனி அதைத் தொடுவதாக இல்லை, டாங்கியடிக்கு ஏறுவதாகவும் இல்லை.

நீங்களும் உங்கள் குடும்பமும் குறைவில்லாமல் நீடூழி வாழ உங்கள் அத்தையும் நானும் ஆசீர்வதிக்கிறோம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருங்கள், வளைவில் உங்களுக்கு வாந்தி வருவது எங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா,
வீரய்யா

பி.கு.: கடிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் விஜி பிரித்து வைத்து வாசித்துக்கொண்டிருக்கிறாள். முதல் நாளே அவளுக்குத் தெரியுமாம்! "இந்தத் தோட்டத்துல பொறந்து வளந்தவளுக்கு நெட்டு நிக்கிறது தெரியாதாப்பா? முழங்கால் வலியோட மேட்டுக்கு ஏறிப் போயி, கொண்டுவந்து கையத் தூக்கி நின்னு காட்டுனீங்களே, அத எப்படி நான் தப்புன்னு சொல்றது?" என்கிறாள். உங்கள்மேல் வந்த கோபம்கூட அவள் வாசிப்பைக் கேட்டுச் சிரித்ததற்கு இல்லையாம். "என்னப் பாத்துச் சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாரு. அது எங்கப்பா நின்ன எடம். அங்க சிரிச்சாரு பாருங்க" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது மாப்பிள்ளை, சொல்ல என்ன வெட்கம். ஆகையால் மேலே எழுதியதில் யுகுலேலேயைக் கொண்டுபோகச் சொன்னதை அடித்துவிடுங்கள், வரும்போது ஒரு செட் கம்பி வாங்கிவாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பேர் வைத்ததும் அவள் வாசிப்பாள். அந்த இடம் வரும்போது நீங்கள் எல்லார் முன்னாலும் கையைத் தூக்கி, வாயைத் திறந்து, கண்ணை மூடி நிற்க வேண்டும் என்பது அவள் உத்தரவு. எட்டு விநாடி முழுசாக நில்லுங்கள், ஏழில் மூடினால் பிள்ளை அழும்.