பட்டறையில் கொண்டாடிய இந்தி தினம்

குன்னம் ரோடு ஹாலோ பிளாக் பட்டறை

மரியாதைக்குரிய மச்சான் தமிழ்மாறன் அவர்களுக்கு,

நேத்து நம்ம பட்டறையில இந்தி தினம் கொண்டாடினேன். ஜெயிச்சுட்டேன். வூட்டுல எல்லாரும் சுகம். உங்க தங்கச்சி மலர்கொடிக்கு மட்டும் சிரிச்சுச் சிரிச்சு விலா வலி.

தா.பழூர் கல்யாண மண்டபத்துக்குத் தீபாவளிக்குள்ள கல்லு அடிச்சுக் குடுக்கணும், அடிக்கிறது நம்ம வடநாட்டு ஆளுங்க, அவங்களை மீன்சுருட்டி இளையபெருமாள் தன்னோட புதுப் பட்டறைக்கு இழுக்குறான், ரூமுக்கு டிவி, ஏர்கூலர்னு ஆசை காட்டுறான். ஆளு போனா ஆர்டர் போச்சு, ஆர்டர் போனா வெயில்ல நின்னு நான் சேர்த்த பேரு போச்சு. நான் டிவி வாங்கினா அவன் அதைவிடப் பெருசா வாங்குவான். அவன் குடுக்காதது எதுன்னு யோசிச்சேன். மரியாதை! உங்க திருச்சி சென்ட்ரல் கவர்மென்ட் ஆபீஸ்ல வருஷா வருஷம் இந்தி தினத்துக்குக் குத்துவிளக்கு ஏத்துறது ஞாபகம் வந்துச்சு. பேரு தமிழ்மாறன், வாங்கினது இந்திப் பேச்சுக்குப் பரிசு! அந்தப் பேச்சைத்தான் தமிழ் எழுத்துல எழுதி அனுப்பச் சொன்னேன். மிக்சர் மிஷின் சத்தத்துலயே மனப்பாடம் பண்ணேன்.

நேத்து மிஷினை நிறுத்தி, கல்லை அடுக்கி மேடை போட்டு, ஆளுக்கு ஒரு துண்டு போர்த்தி, ஜிலேபி குடுத்து, மைக்கைப் பிடிச்சா, அந்த நேரம் பார்த்து இளையபெருமாள் ஆளுங்களை ஏத்திட்டுப் போக லோடு வண்டியோட கேட்டுல வந்து நிக்கிறான். நான் அசரல. ஒரே மூச்சுல பேசி முடிச்சேன். கைதட்டலே இல்ல. மேஸ்திரி பரேஷ் எழுந்திரிச்சான்.

"மொதலாளி, ஃபைலு, கையெழுத்து, மேலதிகாரின்னு என்னமோ வருது. போலீஸ் கேசுங்களா?"

"ஏப்பா, உங்க பாஷைப்பா! இந்தி!"

"எங்களுது வங்காளிங்க. எனக்கே இந்தி அரைகொறை, இவங்களுக்குச் சுத்தமா வராது. தமிழ்லயே சொல்லிடுங்களேன்."

மூணு வருஷம் மச்சான்! அவங்க பேசுறது இந்தின்னு நெனச்சு, புரிஞ்ச மாதிரி தலையை வேற ஆட்டியிருக்கேன். கேட்டுல அவன் கெக்கெக்கேன்னு சிரிக்கிறான். விடுவேனா? மேடையை விட்டு இறங்கி, தமிழ்லயே கேட்டேன்: "சரி, இங்க இருக்கணும்னா என்ன வேணும், நீங்களே சொல்லுங்க." இதுவரைக்கும் எந்த மொதலாளியும் இப்படிக் கேட்டதில்லையாம். பதறிப்போய் இளையபெருமாள் அங்கேருந்து இந்தியில கூப்பிட்டான் பாருங்க, அவனும் இவங்களுக்காக இந்தி படிச்சிருக்கான்! அவன் என்னைப் பார்த்துச் சிரிச்சதைவிட அதிகமா ஆளுங்க அவனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "அண்ணே, வண்டியத் திருப்புங்க"ன்னுட்டான் பரேஷ். காலி வண்டி மீன்சுருட்டிக்குப் போச்சு. நம்ம முதல் லோடு இன்னிக்குக் காலையில தா.பழூருக்குப் போச்சு.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைங்க நல்லாப் படிச்சு முன்னுக்கு வரட்டும்.

ஜெயிச்ச கையோட,
பூவரசன்

பி.கு.: என் பேச்சுலதான் மயங்கிட்டாங்கன்னு ஊர்ல சொல்லி வச்சிருக்கேன், நீங்களும் அப்படியே சொல்லுங்க. நிஜத்துல நான் ஒத்துக்கிட்டது இது: ஞாயித்துக்கிழமை கடுகெண்ணெயில மீன் கொழம்பு. இனிமே நான் இந்தியில வாயே திறக்கக் கூடாது. துர்கா பூஜைக்கு எல்லாருக்கும் லீவு, போக வர ரயில் டிக்கெட் என்னோடது. அந்தப் பூஜை தீபாவளிக்கு முன்னாடியே வந்துடுதாம்; அவங்க திரும்புற வரைக்கும் மிஷின்ல நின்னு கல்லு அடிக்கிறது நானும், மலர்கொடியும், பேச்சு எழுதிக் குடுத்த நீங்களும்.